ஈடாக வாங்கிய கோட்டு

கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காரு தாயி. கோவிச்சுக்காத. ஒன் பை கோட்டு மேல ஒரசுது. மதுரையில ஏறுனதுல இருந்து மடியிலயே வச்சு, ஒரு மடிப்பு விழுகாமக் கொண்டாந்துட்டேன். இன்னும் பாதி வழி கெடக்கு.

என்னோடது இல்ல. எனக்கு எதுக்குக் கோட்டு? இது வக்கீல் கோட்டு. அந்தா பாரு, முன்னால மூணாவது சீட்டுல, கம்பியில தலையச் சாச்சுத் தூங்குறாருல, வெள்ளச் சட்டை, அவரோடது. பேரு இன்பசேகரன். எங்க ஊரு கோர்ட்டுல இருபத்தஞ்சு வருச வக்கீலு. நாளைக்குக் காலையில மெட்ராசுல அவருக்கு விசாரணை. ஆமா, வக்கீலுக்கேதேன் விசாரணை. வக்கீல்மாருக்கெல்லாம் மேல ஒரு கவுன்சில் இருக்காம்ல, அங்க. இவரு பேரைப் பதிவேட்டுல இருந்து அடிச்சுப்புடணுமா, விட்டு வைக்கணுமான்னு மூணு பேரு உக்காந்து முடிவு பண்ணுவாகளாம்.

என்ன தப்புப் பண்ணாருன்னு கேக்குறியா? எம் பணத்தத் தின்னுட்டாரு.

ஏன் அப்பிடி முழிக்கிற? மெதுவாப் பேசணும்னு ஒண்ணும் இல்ல. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஜட்ஜு தீர்ப்பே எழுதியாச்சு. ரெண்டு வருசம் ஜெயிலு. அப்பீலு போட்டு வெளிய இருக்காரு. கேஸு குடுத்ததும் நாந்தேன், கூண்டுல ஏறிச் சாட்சி சொன்னதும் நாந்தேன். இப்ப அவரு பேரை அடிச்சுராதீகன்னு சொல்ல மெட்ராசுக்குப் போறதும் நாந்தேன். கிறுக்குப் பிடிச்சவன்னு நெனைக்கிற. எம் மகளும் அதத்தேன் சொன்னா. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு.

எம் பேரு முத்துராக்கு. கோர்ட்டு காம்பவுண்டுக்கு எதுத்தாப்புல இஸ்திரி வண்டி போட்டிருந்தேன். பதினேழு வருசம். நானும் எங்க வீட்டுக்காரரும். ஊருல இருக்கற வக்கீல்மாருல பாதிப் பேரு துணி எங்கிட்டத்தேன். கோட்டு தேய்க்கறதுன்னா லேசுன்னு நெனைக்காத. மேல ஈரத்துணி விரிச்சு, அதுக்கு மேல பெட்டிய ஓட்டணும். அப்பிடியே வச்சா கறுப்பு மினுங்கிரும், அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது. கழுத்துல கட்டுற வெள்ளப் பட்டை இருக்கே, அதுக்குக் கஞ்சி போடுற பக்குவம் எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தேன் தெரியும். விரைப்பா நிக்கும், கழுத்தையும் அறுக்காது.

துணி வந்தா மொத வேலை பையில கைய விட்டுப் பாக்கறது. ரூவா, சாவி, சீட்டு, எது இருந்தாலும் ஒரு கவருல போட்டு, தேச்ச துணி மேல வச்சு அப்பிடியே குடுத்துருவோம். பிரிச்சுப் பாக்கறது இல்ல. ஒருத்தர் பையில ஒரு தடவை தங்கச் செயினு இருந்துச்சு. அவருக்கே அது தொலைஞ்சது தெரியல. வாங்கிக்கிட்டு, "என்ன முத்துராக்கு, இத்துக் கெடந்த சட்டையக் குடுத்தா செயினு வருது"ன்னு சிரிச்சாரு. அப்பிடி இருந்தோம்.

எங்க வீட்டுக்காரரு பேரு கருமலை. துணி மூட்டைய சைக்கிள்ல வச்சு வீடு வீடாக் குடுக்கப் போவாக. ஒரு நாளு லாரி தட்டிருச்சு. அங்கனயே முடிஞ்சுபோச்சு. ரோடு பூராம் வெள்ளச் சட்டையாச் செதறிக் கெடந்துச்சாம். நான் போறப்ப யாரோ பொறுக்கி ஓரமாக் குவிச்சு வச்சிருந்தாக. காரியம் முடிச்சு, பதினேழாம் நாளு, அம்புட்டையும் தொவைச்சுத் தேச்சு அவுகவுக வீட்டுல குடுத்துட்டேன். ஒரு சட்டையில மட்டும் கறை போகல. அதுக்குக் காசு குடுத்தேன். அவுக வேணாம்னாக, நான் வச்சுட்டு வந்துட்டேன்.

இந்த இன்பசேகரன் இருக்காருல, அவரு ஆசுபத்திரிக்கே வந்துட்டாரு. பொணத்த அறுக்கற ரூமு வாசல்ல உக்காந்திருக்கேன், பக்கத்துல வந்து குத்த வச்சு உக்காந்தாரு. கோட்டோட. தரையில. "முத்துராக்கு, நீ யாருட்டயும் போகாத, நான் இருக்கேன்"னாரு. எனக்கு அன்னைக்கு அது தெய்வம் சொன்ன மாதிரி இருந்துச்சு. அவரு காட்டுன எடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் தாயி, படிக்கத்தேன் தெரியாது. எம் பேரு தெரியும், எங்க வீட்டுக்காரரு பேரு தெரியும். அது எப்பிடின்னா, செத்த சர்ட்டிபிகேட்ட அம்புட்டுத் தடவை எடுத்துப் பாத்திருக்கேன்.

நஷ்டஈடு தீர்ப்பாகிருச்சு. அது எனக்குத் தெரியவே தெரியாது. "லாரிக் கம்பெனிக்காரன் மேல்கோர்ட்டுக்குப் போயிட்டான், இழுக்கும்"னு சொல்லிட்டாரு. மூணு வருசம். அந்த மூணு வருசமும் அவரு சட்டைய நாந்தேன் தேய்க்கிறேன், பாத்துக்க. தினம் காலையில வருவாரு, "என்ன முத்துராக்கு, சாப்புட்டியா"ம்பாரு. ஒரு நாளு கோட்டுப் பையில ஒரு சீட்டு. பேங்கு சீட்டு. விரிஞ்சு கெடந்ததால கண்ணுல பட்டுருச்சு, எங்க வீட்டுக்காரரு பேரு. கருமலை. 

என்ன பண்ணேன்னு கேளு. மடிச்சுக் கவருல போட்டுக் குடுத்துட்டேன். "அய்யா, எங்க வீட்டுக்காரரு பேரு இருக்கே"ன்னு கேட்டேன். "கேஸு காப்பிதான்"னாரு. சரின்னுட்டேன். என்ன பண்ணச் சொல்லுற? பையில கெடந்தத எடுத்து வச்சுக்கிற பழக்கம் இல்லையே எனக்கு. அன்னைக்கு மட்டும் அத அமுக்கி இடுப்புல சொருகியிருந்தா ஒரு வருசத்துக்கு முந்தியே ஆளப் பிடிச்சிருப்பேன். பேங்குல வேலை பாக்குற அம்மா ஒண்ணு, எங்கிட்டச் சேலை தேய்க்கக் குடுக்கும், அதுதேன் அப்புறம் பாத்துச் சொல்லுச்சு. பணம் எம் பேருல வந்து, எங் கையெழுத்துலயே வெளிய போயிருச்சுன்னு.

நான் விடல. மண்ணள்ளித் தூத்தல, கத்திக் கூப்பாடு போடல. வெளியூருல போயி ஒரு பொம்பள வக்கீலப் பிடிச்சு, போலீசுக்குப் போயி, அஞ்சு வருசம் நடந்தேன். தண்டனைன்னு ஜட்ஜு படிச்சப்ப நாந்தேன் நேரா நின்னேன், அவரு பெஞ்சப் பிடிச்சுக்கிட்டாரு. வெளிய வந்து ஒரு டீ குடிச்சேன் தாயி. அந்த டீ மாதிரி ஒரு டீ நான் குடிச்சதே இல்ல.

மறுநாளு வண்டிக்குத் துணி வரல.

யாரும் ஒண்ணும் சொல்லல. திட்டல, மெரட்டல. துணி வரல, அம்புட்டுத்தேன். செயினத் திருப்பிக் குடுத்தேனே, அவரு என்னத் தாண்டிப் போறாரு, துணி மூட்டைய ஸ்கூட்டர்ல வச்சுக்கிட்டு, எங்கிட்டோ பாத்துக்கிட்டு. ஒரு மாசம் கரியப் பத்த வச்சு அணைச்சுப் பாத்தேன். அப்புறம் வண்டிய வித்துட்டேன். இப்ப மண்டபத்துல பாத்திரம் வெளக்குறேன்.

அதோட போயிருந்தாப் பரவாயில்ல. எங் கொழுந்தன் பூமிநாதன் இருக்கான், எங்க வீட்டுக்காரரோட தம்பி. அண்ணன் செத்தப்ப ஒரு மாலை வாங்கிப் போடல. அவன் இப்ப வந்து, நாங்க இருக்கற வீடு அவன் பங்குன்னு கேஸு போட்டுட்டான். ஒத்த ரூமு. ஓடு போட்டது. நானும் அவுகளும் தேச்சுத் தேச்சுக் கட்டுன வீடு. எம் மக, பேரன் ரெண்டு, நான், எல்லாம் அதுலதேன். நோட்டீசத் தூக்கிக்கிட்டு வக்கீல் வக்கீலா ஏறி எறங்குனேன். "டைரி புல்லா இருக்கு." "எங்க அப்பாவுக்கு ஆபரேசன்." "பாப்போம்." ஒருத்தர் மட்டும் உள்ளதச் சொன்னாரு. "உன் கேச எடுத்தா நாளைக்கு என் மேலயும் நீ கேஸு போட மாட்டேன்னு என்ன நிச்சயம்?" நான் சொன்னேன், "எம் பணத்தத் தின்னாத்தேன் போடுவேன்"னு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

இலவசமா வக்கீல் குடுப்பாகன்னு எழுதியும் குடுத்தேன். ஒருத்தர் வந்தாரு. ஒரு வாய்தாவுக்கு நின்னாரு. அடுத்த வாய்தாவுக்கு வயித்து வலின்னுட்டாரு. வெளியூருப் பொம்பள வக்கீலு சிங்கப்பூருக்கு மக பிரசவத்துக்குப் போயிருச்சு. வர்ற திங்கக்கிழமை கடைசி. அன்னைக்கு எனக்காக ஒரு ஆளு நிக்காட்டி, கொழுந்தன் சொன்னதே தீர்ப்பு. நீயே நின்னு பேசலாமேங்குற. பேசுனேனே. ஏதோ ஒரு மனு பேரச் சொல்லி, அதப் போட்டியான்னு கேட்டாக. எனக்கு என்ன மனுன்னே வெளங்கல. இப்பக்கூட வீட்டப் பூட்டிட்டு வந்தா அவன் பூட்ட மாத்திருவான்னு மகளை உள்ள உக்கார வச்சுட்டு வந்திருக்கேன். கடைக்குக்கூடப் போகாதன்னு சொல்லிருக்கேன்.

அப்பத்தேன் இந்த இன்பசேகரனே வந்தாரு. மண்டபத்துக்கு. நான் அண்டாக்குள்ள தலைய விட்டுத் தேச்சுக்கிட்டு இருக்கேன், பின்னால "முத்துராக்கு"ன்னு சத்தம். ஆளு பாதியாப் போயிட்டாரு. முடி கொட்டிருச்சு. கெட்டிக்காரத்தனம் மட்டும் கொட்டல. "உனக்கு நிக்க ஆளு இல்ல, எனக்குச் சொல்ல ஆளு இல்ல"ன்னாரு. பணம் பூராம் வந்துருச்சு, கோவத்துல கேஸு குடுத்துட்டேன், அவரு மேல எனக்கு ஒண்ணும் இல்லன்னு நான் ஒரு காயிதத்துல கையெழுத்துப் போடணும். அதக் காட்டி அவரு பேரைக் காப்பாத்திக்குவாரு. பேரு இருந்தா திங்கக்கிழமை எனக்காக நிப்பாரு.

பொய்யிதேன். ஒரு பைசா வரல. தெரிஞ்சேதேன் போட்டேன். ரெண்டு நாளு சோறு எறங்கல. எங்க வீட்டுக்காரரு உசுருக்கு வந்த பணம், அது வந்துருச்சுன்னு நானே எழுதிக் குடுக்கறதுன்னா எப்பிடி இருக்கும்? அவுக போட்டோவத் திருப்பி வச்சுட்டுத்தேன் வீட்டுல படுத்தேன். ஆனா அவுக திரும்ப வரப்போறது இல்ல. வீடு இன்னும் இருக்கு. பேரனுக ரெண்டு பேரும் எங்க படுப்பாக, சொல்லு.

அதுக்காக ஏமாளின்னு நெனைச்சுராத. பதினேழு வருசம் கோர்ட்டு வாசல்ல நின்னவ நான். வக்காலத்துக் காயிதம்னா என்னன்னு தெரியும். நான் போட்டா மட்டும் பத்தாது, எடுத்துக்கிட்டேன்னு அவரும் போடணும். எங்கையெழுத்த வாங்கிக்கிட்டு, "நான் அப்புறம் போடுறேன். நாளைக்கே என் பேரை அடிச்சுட்டா நான் போட்ட கையெழுத்து செல்லாதுல்ல? விசாரணை முடியட்டும், அந்த வாசல்லயே போட்டுத் தாரேன்"னாரு. நியாயந்தேன். ஆனா நான் விடுவேனா? "நானும் மெட்ராசுக்கு வருவேன்"னேன். "நீ எதுக்கு, காயிதம் போதும்"னாரு. வருவேன்னேன். "சரி, ஒரு ஈடு குடுங்க"ன்னேன். "என்ன ஈடு?"

"கோட்டக் குடுங்க. நான் தேச்சு எங்கிட்டயே வச்சுக்கிறேன். அங்க உள்ள போறப்ப மாட்டி விடுறேன். முடிஞ்சு வெளிய வந்து வக்காலத்துல கையெழுத்துப் போடுங்க."

எப்பிடி? கோட்டு இல்லாம அந்த மூணு பேரு முன்னால எந்த வக்கீலு போயி நிக்க முடியும்? எங்க கோர்ட்டுல ஒரு நாளு ஒரு சின்ன வக்கீலு, கோட்டு மழையில நனைஞ்சுபோச்சுன்னு எங்க வண்டிக்கு ஓடி வந்து அழுகாத கொறை. ஜட்ஜு பேச விட மாட்டாருன்னு. எங் கண்ணால பாத்தது. அதுனால இது எங் கையில இருக்கற வரைக்கும் ஆளு எங்கயும் போக முடியாது. அவரும் சிரிச்சுக்கிட்டே, "தாராளமா வச்சுக்க"ன்னு கழட்டிக் குடுத்துட்டாரு. ராத்திரி வண்டியில கூட்டத்துல கசங்கிரும்னு பகல் வண்டியாப் பாத்து ஏறுனது நாந்தேன். இந்தா, முழங்கைக்கிட்ட நைஞ்சிருச்சா, உள்பக்கமா ஒரு துண்டு வச்சுத் தைச்சிருக்கேன். தெரியுதா? தெரியாது.

வண்டி நிக்குது. சாப்பாட்டுக்கா? நீ எறங்கலையா? நானும் எறங்கல, டீக்கடையில யாராவது கைய வச்சுருவாக. அந்தா அவரு எந்திரிச்சுட்டாரு. அய்யா, பைய எதுக்குத் தூக்கிக்கிட்டு எறங்குறீக? மாத்திரையா. சரி சரி. வெரசா வாங்க. சக்கரை இருக்கு தாயி அவருக்கு, நேரத்துக்குச் சாப்புடணும்.

நீ டீச்சருன்னு சொன்னேல்ல? ஒரு காயிதம் படிச்சுச் சொல்லு. முந்தாநாளு தேய்க்கறப்ப இந்தக் கோட்டுப் பையில இருந்துச்சு. திருப்பிக் குடுக்கல. ஆமா, வச்சுக்கிட்டேன். பதினேழு வருசத்துல இது ஒண்ணுதேன். களவுதேன். ஒரு தடவை குடுத்துத்தேன் ஏமாந்தேனே. அவரும் எங்கன்னு கேக்கல. எந்தக் கட்டடம், எத்தன மணின்னு தெரிஞ்சுக்கிட்டா, கூட்டத்துல தவறிப் போனாலும் நானாப் போயிச் சேந்துருவேன்ல.

இங்கிலீசா? தமிழ்ல சொல்லு. ம். பதினோரு மணி. அதே மணிதேன் அவரும் சொன்னாரு. ஐகோர்ட்டு வளாகம். ம். எதிர்மனுதாரர், அது அவருதேன். நேருல வரணும். ம்.

என்ன நிறுத்திட்ட?

திரும்பப் படி.

கோட்டு, கழுத்துப் பட்டை, அங்கி, எதையும் போடாம வரணும்னா? நல்லாப் பாத்தியா? போட்டுக்கிட்டு வரணும்னு இருக்கும் தாயி. வக்கீலுதானே அவரு, இன்னும் பேரை அடிக்கலையே. குத்தம் சாட்டப்பட்டவரு வக்கீலா வரக்கூடாதா. வெறும் ஆளாத்தேன் வரணுமா.

இது அவருக்குத் தெரியும்ல? அவருக்கு வந்த காயிதந்தேனே. அவரு படிச்சிருப்பாருல.

கண்டக்டர் தம்பி, விசில் ஊதாதீக, ஒரு ஆளு வரணும். முன்னால மூணாவது சீட்டு. வெள்ளச் சட்டை. என்னது? எந்த வண்டி? பின்னால வந்து நின்ன வண்டியிலயா ஏறுனாரு? அதுவும் மெட்ராசா. அவசரம்னு சொன்னாரா. போயிருச்சா.

இரு தாயி. பேசாத. அந்தக் காயிதத்த எங்கிட்டக் குடு.

எங்கையெழுத்து அவரு பையில போகுது. ரெண்டும். பணம் வந்துருச்சுன்னு போட்ட காயிதமும், வக்காலத்தும். அவரு கையெழுத்து எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. நான் கோட்டப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். திருச்சி தாண்டி, வெயில்ல, ஒரு கறுப்புக் கோட்டப் பிடிச்சுக்கிட்டு. என்னைய அங்க நிக்க விட்டா அந்த மூணு பேரும் "பணம் வந்துச்சாம்மா"ன்னு எம் மூஞ்சியப் பாத்துக் கேப்பாக. அதுக்குப் பயந்துட்டாரு. காயிதத்துக்கு மூஞ்சி இல்லையே.

ரெண்டு தடவை. ஒரே ஆளு. ஒரே கை.

தண்ணி வேணாம். மகளுக்குப் போனு போடாத, அவ வீட்டுக்குள்ள தனியா உக்காந்திருக்கா, பயந்துருவா. எறங்கித் திரும்பிப் போகச் சொல்லுறியா? திரும்பிப் போயி என்ன பண்ண? திங்கக்கிழமைக்கு ஆளு ஏது? நாளைக்கு அங்க போயி, அது எங்கையெழுத்துதேன், எம் பேச்சு இல்ல, ஒரு பைசா வரலன்னு சொன்னா, திங்கக்கிழமைக்கு ஆளு கெடையாது. சொல்லாட்டியும் கெடையாது. பொய்க் கையெழுத்துப் போட்டதுக்கு என்னையவே பிடிச்சு உள்ள வச்சாலும் வைப்பாக. பயமாத்தேன் இருக்கு. ஆனாப் போவேன். வீடு போகட்டும்னு சொல்ல வாய் வரல. அவுக உசுருக்கு வந்த பணம் எனக்கு வந்துருச்சுன்னு அந்தக் காயிதம் மட்டும் தனியா நின்னு சொல்லக்கூடாது. வண்டிய எடுக்கச் சொல்லு. அந்தக் கட்டடத்துப் பேரத் தமிழ்ல பெருசா எழுதிக் குடு, ஆட்டோக்காரன்ட்டக் காட்டிக்கிறேன்.

என்னத்த? கோட்டையா? ஜன்னல் வழியா விட்டெறியவா?

இல்ல தாயி. தேய்க்கக் குடுத்தது. குடுத்தவுக கையில திருப்பிக் குடுக்கணும். நாளைக்கு அந்த மூணு பேரு முன்னாலயே குடுப்பேன், அவரு கையில, நான் எடுத்து வச்ச காயிதத்தையும் கவருல போட்டு அது மேல வச்சு. செதறிக் கெடந்த துணியவே திருப்பிக் குடுத்தவ, இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண.

ஒன் பைய கொஞ்சம் அங்கிட்டு நகட்டி வை. மறுபடி ஒரசுது.